ஐந்து மாவும் நான்காம் இடமும்

எட்டு டீம். முதல் நாலு டீம் தஞ்சாவூருக்கு நாக்அவுட் ஆடப் போகும். நாங்கள் ஐந்தாவது. இத்தனை வருஷம் கழித்து எழுதும்போதும் எரிச்சல் வருகிறது. எட்டாவது இடத்தில் இருந்தால் ஒரு மனிதன் நிம்மதியாக இருக்கலாம். கல்யாணத்துக்குப் போகலாம், மத்தியானம் தூங்கலாம், பந்து என்றால் என்ன என்று கேட்கலாம். ஐந்தாவது இடம் ஆளை விடாது. சாப்பிடும்போது கூட்டச் சொல்லும், குளிக்கும்போது கழிக்கச் சொல்லும். அவன் தோற்று, இவன் டிரா செய்து, நாம் இரண்டு கோல் வித்தியாசத்தில் ஜெயித்து, எங்கேயோ ஒரு மேட்ச் மழையால் நின்றும் போனால் என்று, நம் காலில் இல்லாத பந்தையெல்லாம் மனசுக்குள் உதைக்க வைக்கும்.

எனக்கு அப்போது கூட்டுறவுச் சங்கத்தில் உர மூட்டைக்குச் சீட்டு எழுதும் வேலை. யூரியா வந்திருக்கிறதா இல்லையா என்று எழுதி வாசலில் தொங்கவிட ஒரு கரும்பலகை உண்டு. அதன் முதுகில் லீக்கின் புள்ளிகளை எழுதி வைத்திருந்தேன். யூரியா பெரும்பாலும் இருக்காது. வந்தவர்கள் பலகையைத் திருப்பி, இதுவும் இல்லையா என்று பெருமூச்சு விட்டுவிட்டுப் போவார்கள். ஆறு மேட்ச் முடிந்திருந்தது. நாங்கள் ஏழு புள்ளி. நாலாவது இடத்தில் எட்டுப் புள்ளியோடு இருந்தது தரங்கம்பாடிப் பக்கத்துக் கடற்கரைக் குப்பம் ஒன்றின் டீம். மீன்பிடிக்கிற ஆட்கள். கடைசி மேட்ச் அவர்களோடுதான், அதுவும் எங்கள் ஊரில். ஜெயித்தால் இரண்டு புள்ளி, தஞ்சாவூர். டிரா போதாது. இதைவிடத் தெளிவாகக் கடவுள் ஒரு ஊருக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்ததில்லை. அதை எங்கள் ஆட்கள் எப்படிக் கெடுத்தார்கள் என்பதையும், அதில் என் பங்கு என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் மைதானம். எங்கள் பக்கத்தில் மைதானம் என்று ஒன்று கிடையாது. சம்பா அறுப்பதற்கு முன்பே தாளுக்குள் உளுந்து தெளித்துவிடுவார்கள். நெல் போனதும் உளுந்து எழுந்து நிற்கும். கால் வைக்க இடமில்லாத பச்சை. ஊரில் விதைக்காமல் கிடந்தது ஒரே ஒரு நிலம்தான், ஐந்து மா, ஒன்றரை ஏக்கருக்குக் கொஞ்சம் மேல். அது விதைக்காமல் கிடந்ததற்குக் காரணம் கோர்ட்.

கோட்டையில் ஆட்சி மாறும்போதெல்லாம் நிலத்துக்கு ஒரு சட்டம் வந்துகொண்டிருந்த காலம் அது. குத்தகைதாரரை வெளியேற்றக் கூடாது என்று ஒன்று, பதிவேட்டில் பெயர் இருந்தால்தான் குத்தகைதாரர் என்று ஒன்று, உச்சவரம்புக்கு மேல் இருந்தால் எடுத்துக்கொள்வோம் என்று ஒன்று. ஒவ்வொரு சட்டத்துக்கும் தெருமுனையில் ஒரு கொடி ஏறும், தாலுகா கச்சேரியில் ஒரு கட்டு கூடும். இந்த ஐந்து மாவை இருபது வருஷம் குத்தகைக்கு உழுதவர் எங்கள் தெருக்காரர், உறவு சொல்லி மாமா என்று கூப்பிடுவேன். குத்தகையை விட்டுவிட்டதாக அவரே எழுதிக் கொடுத்திருக்கிறார் என்று நிலத்துக்காரர் ஒரு காகிதத்தைக் காட்டினார். அது என் கைநாட்டே இல்லை என்றார் மாமா. தீர்ப்பு வரும்வரை இரண்டு பேரும் ஏர் இறக்கக் கூடாது என்று ஸ்டே. வரப்பைக்கூடத் தொடக் கூடாது. அதனால் எங்கள் மைதானத்தின் நடுக்கோட்டுக்குச் சுண்ணாம்பு தேவைப்படவில்லை, அங்கே ஒரு வரப்பு ஓடியது. தேய்ந்து ஒரு சாண் உயரமாகிவிட்ட வரப்பு. வெளியூர் டீம்கள் முதல் பாதி முழுக்க அதில் தடுக்கி விழுவார்கள். எங்கள் ஆட்கள் தாண்டிக் குதிப்பார்கள். எங்கள் ஏழு புள்ளியில் மூன்றையாவது அந்த வரப்பு வாங்கிக் கொடுத்தது.

பந்து விளையாட இரண்டு தரப்பும் ஒப்புக்கொண்டதுதான் வேடிக்கை. பந்து சாகுபடி இல்லை. அடங்கலில், அதாவது ஊர்ச் சாகுபடிக் கணக்கில், ஏறாது. யார் உதைத்தாலும் யாருக்கும் பாத்தியதை வராது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நிலத்துக்காரர் மேற்கு வரப்பில் குடையோடு வந்து உட்காருவார். மாமா கிழக்கு வரப்பில், தலையில் துண்டோடு. மூன்று வருஷமாகப் பேச்சு கிடையாது. ஆனால் எங்கள் டீம் கோல் போட்டால் இரண்டு வரப்பிலிருந்தும் ஒரே நேரத்தில் கை தட்டும். கோல்கீப்பர் மாமாவின் மகன். அவன் பாய்ந்து பிடித்தால் நிலத்துக்காரர் குடையைத் தரையில் தட்டுவார். ஊரே அதைப் பார்க்காதது மாதிரி பார்க்கும்.

கடைசி மேட்சுக்குப் பத்து நாள் இருக்கும்போது கடற்கரைக்காரர்கள் லீக் செயலாளருக்கு ஒரு கடிதம் போட்டார்கள். செயலாளர் தாலுகா உயர்நிலைப் பள்ளியின் டிரில் மாஸ்டர், விசிலைக் கழற்றாமலே சாப்பிடுகிறவர் என்று பெயர். எங்கள் நிலம் வெடித்துக் கிடக்கிறது, அதில் கணுக்கால் போனால் படகேற முடியாது, தங்கள் குடும்பத்துக்கு யார் பதில் சொல்வது என்று கேட்டிருந்தார்கள். நியாயம்தான், அதுதான் இன்னும் எரிச்சல். களிமண், பயிர் இல்லாமல் இரண்டு கோடை காய்ந்தது. வைகாசியில் பாளம் பாளமாகப் பிளந்து, சில இடங்களில் முழங்கை இறங்கும். டிரில் மாஸ்டர் சைக்கிளில் வந்து பார்த்தார். ஒரு வெடிப்பில் விசிலின் கயிற்றை விட்டு ஆழம் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமைக்குள் அடைக்காவிட்டால் புள்ளி அவர்களுக்கு என்று சொல்லிவிட்டுப் போனார்.

எங்கள் ஆட்கள் பதரைக் கொண்டுவந்து கொட்டினார்கள். மத்தியானக் காற்று அத்தனையையும் எடுத்து உளுந்து காய்கிற களத்தில் போட்டது. அதற்கு ஒரு சண்டை. மணல் அடிக்கலாம் என்றான் ஒருவன். வழக்கில் இருக்கிற நிலத்தில் மண்ணைக் கொட்டினால் அதற்கு ஒரு வழக்கு வரும் என்றான் இன்னொருவன். இப்படி இரண்டு நாள் போனது. அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. வராமல் இருந்திருக்கலாம்.

ஒரே ஒரு தடவை தண்ணீர் காட்டினால் போதும். களிமண் ஊறி, தானே வாயை மூடிக்கொள்ளும். புதன்கிழமை நனைத்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் காய்ந்து, ஓடுவதற்கு மெத்தென்று இருக்கும். குளத்தில் இடுப்பளவு தண்ணீர் மிச்சம் இருந்தது. சங்கத்தில் ஒரு ஆயில் இன்ஜின் சும்மா கிடந்தது. நான் அவசரக்காரன் என்றாலும் முட்டாள் இல்லை, இரண்டு பேரிடமும் போய்க் கேட்டேன். பந்துக்காகத்தானே என்றார் நிலத்துக்காரர். பந்துக்காகத்தான் என்றேன். பந்துக்குன்னா சரி என்றார் மாமா. இரண்டு பேரும் வாயால் சொன்னார்கள். நானும் காதால் கேட்டுக்கொண்டு வந்தேன்.

புதன்கிழமை இன்ஜின் ஓடியது. தண்ணீர் வெடிப்புக்குள் இறங்கும்போது ஒரு சத்தம் வரும், நூறு பேர் ஒரே மூச்சில் மோர் குடிப்பது மாதிரி. நிலம் குடித்தது, குடித்துக்கொண்டே இருந்தது. சாயங்காலம் மேலே ஒரு மினுக்கம் நின்றது. வியாழக்கிழமை மினுக்கம் போய்க் கறுப்பு வந்தது. வெடிப்பு எல்லாம் மூடியிருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஊரே பார்க்க வந்தது. வருகிறவர் ஒவ்வொருவரும் குனிந்து ஒரு பிடி மண் எடுத்து, உள்ளங்கையில் அழுத்தி, உதிர்த்துப் பார்த்துவிட்டு, தலையை ஆட்டிக்கொண்டு போனார். என் மைதானத்தை மெச்சுகிறார்கள் என்று நினைத்தேன். விவசாயக் குடும்பத்தில் பிறந்த நான் அப்படி நினைத்தேன். அவர்கள் பார்த்தது மைதானத்தை இல்லை, உழவுக்குப் பதம் வந்துவிட்டதா என்று. மண் கையில் ஒட்டாமல், பிடித்தால் உருண்டையாகி, விட்டால் பொலபொலவென்று உதிர்ந்தால் அதற்குப் பெயர் பதம். அது ஒரு நாள், மிஞ்சிப் போனால் ஒன்றரை நாள் நிற்கும். இரண்டு கோடையாக ஏர் காணாத ஐந்து மா அந்தப் பதத்தில் கிடக்கிறது. அடுத்தவன் இதைச் சும்மா விடுவானா என்று மேற்கே ஒருவர் நினைத்தார். கிழக்கே ஒருவர் நினைத்தார். எனக்கு மட்டும் நாலாவது இடம் நினைப்பு.

சனிக்கிழமை விடிந்தும் விடியாமலும் மேற்குப் பக்கம் டிராக்டர் சத்தம். நான் ஓடிப் போனபோது அது இரண்டு சால் ஓட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தது. கிழக்கே மாமா இரண்டு ஜோடி மாட்டை இறக்கிவிட்டார். பெனால்டி அடிக்கிற இடத்தில் ஒரு ஏர் நின்றது, கிழக்குக் கோல்போஸ்டுக்குப் பின்னால் மாமாவின் ஏர். நடு வரப்பு ஒரு பக்கம் அறுந்திருந்தது, எங்களுக்குப் புள்ளி தந்த வரப்பு. ஏன் ஐயா, பந்துக்குத்தானே என்றீர்கள் என்று நான் கேட்டதற்கு நிலத்துக்காரர் சொன்ன பதிலை மறக்க முடியாது.

“பாக்கத்தான் தம்பி வந்தேன். வந்து பாத்தா மண்ணு இப்படிக் கெடக்கு. விட்டுட்டுப் போகச் சொல்றீங்களா?”

மாமாவும் பார்க்கத்தான் வந்தாராம், இரண்டு ஜோடி மாட்டோடு.

டிராக்டர் கிழக்கே திரும்பி, கிழக்குக் கோல்போஸ்டை நோக்கி வந்தது. அப்போதுதான் கோல்கீப்பர் ஓடி வந்து அதன் முன்னால் நின்றான். இரண்டு மூங்கிலுக்கும் நடுவில், கால் அகட்டி, கை விரித்து, ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நிற்கிற அதே நிற்பு. டிரைவர் பிரேக் போட்டார். சக்கரத்துக்கும் அவன் முழங்காலுக்கும் நடுவில் ஒரு முழம். கோலைக் காப்பாற்ற உயிரைக் கொடுக்கிறானே இவன் என்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்புதான் அடுத்த நாள் முழுக்க என்னை அலைய வைத்தது.

அடிதடி பெரிதாக இல்லை. ஒரு நுகத்தடிக் கயிறு அறுந்தது, நிலத்துக்காரரின் குடை முறிந்தது. பத்து மணிக்குள் போலீஸ் வந்தது, பின்னாலேயே தாசில்தார் ஆபீஸ் ஆள். நாலு மூலையிலும் சிவப்புத் துணி கட்டிய குச்சி நட்டார்கள். யாரும் இறங்கக் கூடாது. மனிதன், மாடு, பந்து எதுவும். தரப்புக்கு ஒருவராக இரண்டு பேரை ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போனார்கள். அந்தப் பக்கத்திலிருந்து டிராக்டர் டிரைவர், இந்தப் பக்கத்திலிருந்து எங்கள் கோல்கீப்பர். திங்கட்கிழமை கோர்ட்டில் நிறுத்துவார்களாம். ஞாயிற்றுக்கிழமை மேட்ச்.

நான் சைக்கிளை எடுத்தேன். டிரில் மாஸ்டரிடம் போய்க் கெஞ்சினேன். மைதானம் இல்லாவிட்டால் வாக்ஓவர் என்றார். இருக்கிறது என்றேன். எங்கே என்றார். வாயில் வந்ததைச் சொன்னேன்: ஆற்றில். அணை திறந்து தண்ணீர் வர இன்னும் நாள் இருந்தது, ஆறு மணலாகக் கிடந்தது. கடற்கரைக்காரர்களுக்குச் சொல்லியனுப்பினார். உடனே சம்மதம் வந்தது, சிரிப்போடு வந்தது. பிறந்ததிலிருந்து மணலில் ஓடுகிறவர்களை மணலுக்கே கூட்டி வந்தவன் நான் ஒருவன்தான் இருப்பேன். பரவாயில்லை, கோல்கீப்பர் இருக்கிறான் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். பிறகுதான் அவன் எங்கே இருக்கிறான் என்பது நினைவுக்கு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை நிலத்துக்காரர் வீட்டுக்குப் போனேன். அவர் குடையின் கம்பியை நிமிர்த்திக்கொண்டிருந்தார். ஐயா, அவன் உழ வரவில்லை, கோலைக் காப்பாற்ற வந்தான், நீங்களே பார்த்தீர்கள் என்றேன். அவர் நிமிரவில்லை. போன மாதம் அந்தப் பெனால்டியை அவன் தட்டிவிட்ட விதத்தைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசினார். பிறகு வேறு ஆள் யார் நிற்பான் என்று கேட்டார். இடது பேக் என்றேன். அவன் பந்தைக் கண்டா கண்ணை மூடுறவனாச்சே என்றார். காகிதம் கொண்டுவரச் சொன்னார். அவர் சொல்ல, நானே எழுதினேன். மேற்படியான் சம்பவ இடத்தில் விளையாட்டு நிமித்தமாகவே நின்றான், சாகுபடிக்கு அல்ல, ஆகவே அவன்மீது எனக்குப் புகார் இல்லை. கீழே அவர் கையெழுத்து. பக்கத்தில் அவனும் போட்டுவிட்டால் விட்டுவிடலாம் என்று ஸ்டேஷன் ஏட்டய்யா ஏற்கெனவே சொல்லியிருந்தார். அந்தக் காகிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சைக்கிளை மிதித்த அந்த மூன்று மைல்தான் அந்த வருஷத்திலேயே நான் சந்தோஷமாக இருந்த நேரம். ‘சாகுபடிக்கு அல்ல’ என்ற இரண்டு சொல்லை என் கைதான் எழுதியது, என் தலைக்கு அது ஏறவில்லை. அவர் ரசிகராகச் சொன்னாரா, வாதியாகச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இரண்டுமாகத்தான் இருக்கும்.

ஸ்டேஷனில் இரண்டு பேரையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். டிராக்டர் டிரைவர் திருத்துறைப்பூண்டிப் பக்கத்து ஆள். எந்த ஊர்ச் சண்டை இது என்றே தெரியாமல் தூங்கி வழிந்துகொண்டிருந்தார். கோல்கீப்பர் காகிதத்தை வாங்கினான். ஒரு தடவை படித்தான். விரலை வைத்து இன்னொரு தடவை படித்தான். மணி பன்னிரண்டு, மேட்ச் நாலு மணிக்கு, நான் பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினேன்.

“மாப்ள, நான் கோலுக்காக நிக்கல.”

“எதுக்கு நின்னா என்ன மச்சான், போட்டுட்டு வா. நாலாவது இடம்டா.”

“எங்கப்பா ஏரோட வந்தாரு. நான் அவருக்கு முன்னாடி நின்னேன். வெளையாட நின்னேன்னு நானே எழுதிக் குடுத்தா, அவரு இருபது வருஷம் அங்க என்ன பண்ணிக்கிட்டிருந்தாரு? அவரும் வெளையாடிக்கிட்டிருந்தாரா?”

நான் கோபமாகப் பேசினேன். ஒரு ஊரே ஐந்து மாதம் ஓடியதைச் சொன்னேன், தஞ்சாவூரைச் சொன்னேன், கோர்ட் இந்தக் காகிதத்தைப் பார்க்கவே பார்க்காது என்றுகூடச் சொன்னேன். ஏட்டய்யா சிரித்தார். அவன் காகிதத்தை நாலாக மடித்து என் சட்டைப் பையில் அவனே வைத்தான். இப்படி ஒரு காகிதத்தில்தான் இத்தனையும் ஆரம்பித்தது, இன்னொன்று எதற்கு என்றான். பிறகு, இடது பேக்கிடம் மணலில் பந்து எம்பாது, குனிந்தே நிற்கச் சொல் என்றான். அதற்கு அவன் வந்து நிற்கலாமே என்று எனக்கு வாய்வரை வந்தது. பேனாவை மூடிக்கொண்டு வெயிலில் திரும்பி மிதித்தேன். அவன் சொன்னது சரி என்று தெரிந்தது. சரி என்று தெரிந்த ஒரு விஷயத்தின் மேல் அவ்வளவு எரிச்சல் எனக்கு அதற்கு முன்னும் பின்னும் வந்ததில்லை.

நாலு மணிக்கு ஆற்று மணல் காலைச் சுட்டது. மேற்குக் கரையில் நிலத்துக்காரர், கம்பி வளைந்த குடையோடு. கிழக்குக் கரையில் மாமா. எங்கள் ஆட்கள் மணலில் கால் புதைந்து, கமலைச் சால் இழுக்கிற மாடு மாதிரி மூச்சு வாங்கினார்கள். கடற்கரைக்காரர்கள் மிதந்தார்கள். ஆனாலும் பாருங்கள், இந்த டீம் தோற்கிற இடத்தில் ஒழுங்காகத் தோற்றிருந்தால் நான் பிழைத்திருப்பேன். முதல் பாதியில் ஒரு கோல் வாங்கினோம். பிறகு எங்கிருந்தோ ஒன்று போட்டோம். முடிய கால் மணி நேரம் இருக்கும்போது இன்னொன்றும் போட்டோம். இரண்டுக்கு ஒன்று. இரண்டு கரையும் எழுந்து நின்றது. நான் தஞ்சாவூர் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேவிட்டேன்.

கடைசி நிமிஷம் என்று டிரில் மாஸ்டர் கையைக் காட்டிய பிறகு, அவர்கள் ஆள் ஒருவன் தூரத்திலிருந்து ஒன்று அடித்தான். அடித்தது என்றுகூடச் சொல்லக் கூடாது, தள்ளிவிட்டான். மணலில் பந்துக்கு வேகமே இல்லை. உருண்டு வந்தது, நின்றுவிடுமோ என்று தோன்றும்படி வந்தது. இடது பேக் கண்ணைத் திறந்துகொண்டுதான் இருந்தான், அதையும் சொல்ல வேண்டும். குனிந்தேதான் நின்றான். ஒரு சின்னக் குழியில் பந்து விழுந்து, இடது பக்கமாக ஒரு அடி திரும்பி, அவன் கைக்கு அப்பால் மூங்கிலை உரசிக்கொண்டு உள்ளே போய் நின்றது. நின்றே போனது, கோட்டுக்கு ஒரு சாண் உள்ளே. விசில் ஊதியது. இரண்டுக்கு இரண்டு. ஒன்பது, எட்டு. நாங்கள் ஐந்தாவது.

அப்போது நிலத்துக்காரர் சொன்னார். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை, ஆனால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் கேட்கிற மாதிரி சொன்னார்.

“அவன் நின்னிருந்தா புடிச்சிருப்பான்.”

மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். மூன்று வருஷத்தில் முதல் தடவையாக அந்தப் பக்கம் பார்த்தார். கரையிறங்கிப் போய்விட்டார்.

வெளிச்சம் இருக்கும்போதே ஸ்டேஷனுக்குப் போனேன். போக வேண்டாம் என்றுதான் நினைத்தேன், சைக்கிள் போனது. டிராக்டர் டிரைவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். கோல்கீப்பர் என் முகத்தைப் பார்த்தான்.

“எவ்வளவு?”

“ரெண்டு ரெண்டு.”

“ரெண்டாவது எந்தப் பக்கம்?”

“இடது. தரையோட வந்துச்சு.”

பெஞ்சின் மேல் இருந்த அவன் இடது கை மட்டும் கொஞ்சம் நகர்ந்தது, ஒரு சாண், பிறகு இன்னும் ஒரு சாண். டிரைவர் டம்ளரை நகர்த்தி இடம் விட்டார். வேண்டிய தூரம் வரை போய்த் தொட்டுவிட்டு, கை திரும்பி மடிக்கு வந்தது.

நான் இரண்டு வார்த்தை கடுமையாகப் பேசலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டான்:

“மாப்ள, தஞ்சாவூர் நாக்அவுட் எப்ப? அடுத்த ஞாயித்துக்கெழமதானே? அன்னைக்கு நல்ல மீன்பாடு இருந்தா குப்பத்துக்காரங்க கடலுக்குப் போயிட மாட்டாங்களா? அவங்க வரலன்னா அஞ்சாவது டீமைத்தானே கூப்பிடுவாங்க?”

திங்கட்கிழமை கோர்ட். ஜாமீன் கிடைக்குமா என்று அவன் கேட்கவில்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அந்தப் பெஞ்சைத் தூக்கி எறிந்திருப்பேன். எறியவில்லை. சட்டைப் பையில் நாலாக மடித்த காகிதம் இருந்தது. அதை எடுத்து, எழுதாத பக்கத்தைத் திருப்பி, அவனுக்கும் டிரைவருக்கும் நடுவில் உட்கார்ந்து, குப்பத்தில் எத்தனை படகு இருக்கும், அதில் எத்தனை பேர் டீமில் ஆடுகிறார்கள் என்று கேட்டுக் குறிக்க ஆரம்பித்தேன்.